அழைப்புத் தந்த சொல்

ஜூன் 3, திங்கள்

இன்று விதிகளை ஏற்றிவிட்டேன். இனிமேல் காலை ஏழு மணிக்கே எழுந்து அட்டவணையோடு மாரடிக்க வேண்டாம்.

ஜோதிலிங்கம் சாருக்குப் புரியவைக்க அரை நாள் பிடித்தது. இந்த விளம்பர நிறுவனத்தின் முதலாளி அவர். ஆனால் விளம்பரம் எப்படி ஓடுகிறது என்று கேட்டால் விழிப்பார். யாரோ ஒருவர் போனில் எதையோ தேடுகிறார், அந்தச் சொல்லுக்கு நாம் ஏலத்தில் அதிக விலை கேட்டிருந்தால் நம் விளம்பரம் மேலே வரும் என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்தேன். இதுவரை அந்த விலையை நான் கையால் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். இனி மூன்று விதிகள் பார்த்துக்கொள்ளும். எதைத் தேடியவர் நம்மை அழைத்து ஒரு நிமிடத்துக்கு மேல் பேசுகிறாரோ, அந்தச் சொல் தானாகப் பட்டியலில் சேரும். அழைப்பு தரும் சொல்லின் விலை, நாம் முதலிடத்துக்கு வரும்வரை தினமும் ஏறும். முப்பது நாள் அழைப்பே தராத சொல் நிறுத்தப்படும்.

"அப்ப நீங்க என்னதான் பண்ணுவீங்க சசி?" என்றார். நக்கல்தான். நான் சிரித்து வைத்தேன்.

வாடிக்கையாளர் 'மழலைமொழி'. பேச்சு வராத குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் மையம், கோயமுத்தூரில் ஐந்து கிளைகள். ஜனங்கள் என்ன தட்டித் தேடினார்கள் என்ற பட்டியல் தினமும் எனக்கு வரும். "மூணு வயசு இன்னும் அம்மா சொல்லல." "பையன் பேசல மாமியார் திட்டுறாங்க." "ஊமையா இருந்தா சரி ஆகுமா." டாக்டரிடம் பொய் சொல்கிறவர்கள் உண்டு, கோர்ட்டில் சொல்கிறவர்கள் உண்டு. தேடும் பெட்டியிடம் மட்டும் எவனும் பொய் சொல்வதில்லை. ஐந்து வருடமாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு மனிதர்களைத் தெரியும்.

ஜூன் 5

விலக்குப் பட்டியலைச் சுத்தம் செய்தேன். எந்தச் சொல்லைத் தேடினால் நம் விளம்பரம் வரவே கூடாது என்று எழுதி வைக்கும் பட்டியல் அது. இலவசம், வேலைவாய்ப்பு, சினிமா என்று இருநூறுக்கு மேல் கிடந்தது. நடுவில் ஒரு வரி: "கோகிலா பேச்சுப் பயிற்சி வடவள்ளி."

நான்கு வருடத்துக்கு முன்னால் நானே போட்டது. கோகிலவாணி என் மனைவி. சட்டப்படி இன்றைக்கும். அவளுடைய சின்ன மையத்தைத் தேடி வருகிறவர்களை மழலைமொழி இழுத்துக்கொள்ளக் கூடாது என்று, சாருக்குத் தெரியாமல் அன்றைக்கு நான் காட்டிய சலுகை. அவளுக்கு முதல் விளம்பரம் எழுதிக் கொடுத்தவனும் நான்தான். மார்ச் மாதம் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போனாள். கன்னத்தில் விழுந்த ஓர் அறைக்காக. ஒரே ஓர் அறை. ஊரில் எந்த வீட்டில் நடக்காதது?

அந்த வரியை எடுத்துவிட்டேன். எதையும் சேர்க்கவில்லை, எடுத்தேன், அவ்வளவுதான். சம்பளம் ஒருவரிடம் வாங்கிக்கொண்டு சலுகை இன்னொருவருக்குக் காட்டுவது தொழில் தர்மம் இல்லை.

ஜூன் 9, ஞாயிறு

ஞாயிறு பத்திலிருந்து ஒன்று வரை நிலானி என்னோடு. மூன்று மணி நேரம். பெற்ற அப்பனுக்குக் கோர்ட் அளந்து கொடுத்தது.

வ.உ.சி. பூங்காவில் வாய் மூடவில்லை. "அப்பா, ஒட்டகச்சிவிங்கிக்குத் தொண்டை வலிச்சா எத்தன பாட்டில் மருந்து குடிக்கும்?" ஐந்து வயது. மூன்று வயது வரை ஒரு சொல் பேசாமல் இருந்தவள். தான் தரையில் உட்கார்ந்து பேச வைத்த கதையைக் கோகிலா ஊரெல்லாம் சொல்லித்தான் பெயர் வாங்கினாள். நிலானி என் பெண்ணும்தான்.

ஒரு மணிக்குக் கோகிலா வந்து கேட்டருகே நின்றாள். ஸ்கூட்டரை விட்டு இறங்கவில்லை.

ஜூன் 19

விதி வேலை செய்கிறது. இன்றைய புதுச் சொல்: "கோகிலா மேடம் வடவள்ளி போன் நம்பர்." ஓர் அழைப்பு, இரண்டு நிமிடம் நாற்பது நொடி. சேர்க்கப்பட்டது.

நான் சேர்க்கவில்லை. விதி சேர்த்தது.

பதிவு செய்த அழைப்பைக் கேட்டேன், தரம் பார்ப்பது என் வேலை. மழலைமொழியில் போன் எடுப்பது எஸ்தர் என்ற பெண்.

"கோகிலா மேடங்களா?"

"இல்லைங்க, இது மழலைமொழிங்க. மேடத்தோடது வேறைங்க, அவங்க நம்பர் வேணும்னா..."

தலையில் அடித்துக்கொண்டேன். வந்த அழைப்பை வழி சொல்லி அனுப்புகிறாள்! அப்படியே இரண்டு நிமிடம் ஊர்க்கதை வேறு.

ஜூன் 20

எஸ்தருக்குப் பேச வேண்டியதை எழுதிக் கொடுத்தேன். யார் பெயரைக் கேட்டாலும் 'இல்லை' என்று ஆரம்பிக்கக் கூடாது. "ஆமாங்க, பேச்சுப் பயிற்சிதானுங்க. கவலைப்படாதீங்க, சரியான இடத்துக்குத்தான் கூப்பிட்டிருக்கீங்க. குழந்தைக்கு எத்தனை வயசுங்க?" இந்த மூன்று வாக்கியத்துக்கு மேல் யாரும் போனை வைக்க மாட்டார்கள்.

"சார், இது பொய்யாயிடாதுங்களா?"

"இதுல எந்த வார்த்தை பொய்னு சொல்லு."

தாளை மறுபடி படித்துப் பார்த்தாள். என்னாலேயே சொல்ல முடியாது. அதுதான் எழுதுகிறவனின் திறமை.

ஜூலை 2

அவள் பெயரில் மட்டும் ஒன்பது சொற்கள் சேர்ந்துவிட்டன. விலை ஏறுகிறது, முதலிடத்தில் இருக்கிறோம். சார் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். மைசூர்பா.

ஜூலை 30

கோகிலா போன் செய்தாள். நான்கு மாதத்தில் முதல் தடவை, அவளாக.

"எம் பேரத் தட்டித் தேடினா உங்க மழலைமொழி மேல வருது. நீங்களா பண்றீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல. அது தானா நடக்குது."

"இந்த மாசம் புதுசா ஒரு குழந்தைகூட வரலைங்க. பழைய குழந்தைங்க நாலு பேர் அங்க போயாச்சு. எம் மையந்தான் எடம் மாறிடுச்சுன்னு நெனச்சுட்டு அங்க பீஸ் கட்டியிருக்காங்க."

"அவங்க இஷ்டம்."

"வாடகையும் நிலானி பீஸும் இதுலதாங்க போகுது," என்றாள். கெஞ்சுவது அவளுக்குப் பழக்கமில்லை, அதனால் சரியாக வரவில்லை. திரும்பி வந்திருந்தால் இதெல்லாம் எதற்கு என்று கேட்க நினைத்தேன். அதற்குள் வைத்துவிட்டாள்.

நான் சொன்னதில் பொய் இல்லை. தானாகத்தான் நடக்கிறது.

ஆகஸ்ட் 20

இன்று எஸ்தர் ஒரு பதிவைக் கேட்கச் சொன்னாள். காரமடையிலிருந்து ஒரு லாரி டிரைவர்.

"எம் பையன் மேடத்துகிட்டத்தானுங்க மொதமொதல்ல 'தண்ணி'ன்னு சொன்னான். நடுவுல ரெண்டு மாசம் லோடு, கூட்டியார முடியல. இப்ப நீங்க சொன்ன எடத்துக்கு மூணு வாரமா வர்றோம், மேடத்தக் காணோமுங்க. ஒரு ஹாலுல நாப்பது குழந்தைங்க. பையன் காத மூடிட்டு மூலையில உக்காந்துக்கறானுங்க. இப்ப தண்ணியும் சொல்றதில்லீங்க. மேடம் எப்ப வருவாங்க?"

"சார், எனக்கு என்னமோ மாதிரி இருக்குங்க," என்றாள் எஸ்தர்.

அந்த அழைப்பு ஆறு நிமிடம் ஓடியிருக்கிறது. அருமையான கணக்கு. மாற்று வேலை இருந்தால் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு அவள் எங்கே போவாள். போகவில்லை.

செப்டம்பர் 24

கோகிலாவும் விளம்பரம் போடுகிறாள், அவளுடைய சொந்தப் பெயருக்கே. பாவம், பழைய கணக்கிலிருந்து. அதை நான்தான் தொடங்கிக் கொடுத்தேன், ஒரு நாளைக்கு எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியும். அவள் ஏற்றினால் விதியும் ஏற்றுகிறது. அன்றைய பணம் தீர்ந்து, காலை பத்து மணிக்கெல்லாம் அவள் விளம்பரம் அடங்கிவிடுகிறது.

விளம்பரத்தை யார் அமுக்கினாலும் போட்டவருக்குத்தான் காசு போகும். அவளுடைய விளம்பரத்தை நான் ஒரு தடவைகூட அமுக்கியதில்லை. ஆபீஸில் மற்ற பன்னிரண்டு பேர் போனில் அது வந்தால், அவர்கள் கையை நான் பிடிக்க முடியுமா?

அக்டோபர் 7

மேப்பில் பார்த்தேன். "கோகிலா பேச்சுப் பயிற்சி, வடவள்ளி. நிரந்தரமாக மூடப்பட்டது."

எழுத்து சிவப்பில் இருக்கிறது. மூன்று தடவை திறந்து பார்த்தேன். சாயங்காலம் நன்றாகப் பசித்தது.

அக்டோபர் 18

குடும்ப நீதிமன்றத்தில் சமரசப் பேச்சு. கோகிலாவுக்குக் கோழிக்கோட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. ஆறு மாதம் பெண்கள் விடுதியில் தங்க வேண்டும், குழந்தையைக் கூட வைத்துக்கொள்ள முடியாது. பள்ளிக்கூட வருடம் முடியும்வரை நிலானி என்னிடம். அவளே கையெழுத்துப் போட்டாள். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

வராந்தாவில் என் பக்கத்தில் வந்து நின்றாள். இளைத்திருந்தாள்.

"ஆறு மாசந்தானுங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அவகிட்டச் சத்தம் போடாதீங்க. கை ஓங்காதீங்க. பயந்தா அவ பேச்சு உள்ள போயிரும். அப்புறம் வெளிய எடுக்கறது ரொம்பக் கஷ்டம்."

"உனக்குத்தான் எல்லாம் தெரியும்," என்றேன்.

"இது மட்டும் எனக்குத் தெரியுங்க," என்றாள். "அப்படி ஏதாச்சும்னா நான் மறுநாளே வந்து கூட்டிட்டுப் போயிருவேன். வேலையாவது மண்ணாவது."

மிரட்டல். வக்கீல் காதிலும் விழுந்தது, நல்லதாகப் போயிற்று.

அக்டோபர் 31, தீபாவளி

நிலானிக்குப் பாவாடை சட்டை, சங்குசக்கரம், புஸ்வாணம். "அப்பா, அம்மாவுக்கு வீடியோ கால் போடலாமா?" என்றாள். போட்டேன். "அம்மா, சக்கரம் என் பேரச் சொல்லிட்டே சுத்துச்சு!" என்று கத்தினாள். அந்தப் பக்கம் கோகிலா சிரித்தாள். நான் கேமராவில் வரவில்லை.

ஜெயித்துவிட்டேன் என்று எழுதத் தோன்றுகிறது. எழுதினால் என்ன? ஜெயித்துவிட்டேன்.

நவம்பர் 12

மாத அறிக்கை அனுப்புகிற நேரம். நிலானி பால் டம்ளரோடு ஓடி வந்து லேப்டாப்பில் கொட்டினாள். விசைப்பலகை முழுக்கப் பால். சற்றுச் சத்தம் போட்டேன். அவ்வளவுதான்.

இரவல் லேப்டாப்பில் அறிக்கையை அனுப்பியாயிற்று. சாருக்குத் திருப்தி.

நவம்பர் 13

பள்ளிக்கூட வேன் ஆயா கேட்டது: "பாப்பா கன்னத்துல என்னங்க?"

கொசுக்கடி என்றேன். எங்கள் ஏரியாவில் கொசு அதிகம். மாநகராட்சி மருந்தே அடிப்பதில்லை.

நவம்பர் 14

சாப்பாடு வேண்டுமா என்று கேட்டால் தலையாட்டுகிறாள். பால் வேண்டாம் என்பதற்கும் தலையாட்டல். செல்லம் அதிகம் கொடுத்து வளர்த்திருக்கிறாள் அவள் அம்மா.

நவம்பர் 17

கோகிலா ஏழு மணிக்குக் கூப்பிட்டாள். நிலானி போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். கண்ணில் தண்ணீர், வாயில் ஒன்றும் இல்லை. "ஹலோ, கண்ணு? அம்முக்குட்டி?" என்று அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் வாங்கி, சிக்னல் சரியில்லை என்றேன்.

நவம்பர் 18

தூங்கிவிட்டாள் என்றேன்.

நவம்பர் 19

பக்கத்து வீட்டுப் பிறந்தநாளுக்குப் போயிருக்கிறாள் என்றேன்.

நவம்பர் 21

நிலானியின் நோட்டில் டீச்சர் எழுதி அனுப்பியிருக்கிறார்: "ஒன்பது நாட்களாக வகுப்பில் பேசவில்லை. பெற்றோர் வந்து பார்க்கவும்."

பெற்றோர் என்றால் நான்தானே. போனேன். வீட்டில் நன்றாகப் பேசுகிறாள், இங்கே மிஸ்ஸைக் கண்டு பயம் போலிருக்கிறது என்று சொன்னேன். அந்த டீச்சர் சின்னப் பெண். தன் மேல் தப்போ என்று முகம் செத்துப்போயிற்று. மன்னிப்புக் கேட்டார்.

நவம்பர் 26

குழந்தை டாக்டர் தொண்டை, காது எல்லாம் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறதாம்.

"எப்ப இருந்து? அன்னைக்கு ஏதாச்சும் நடந்துச்சுங்களா?"

"ஒண்ணும் நடக்கலைங்க டாக்டர்."

நிலானி என்னைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள். பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போகச் சொன்னார். "முன்னெல்லாம் இந்த மாதிரிக் கேஸுன்னா வடவள்ளியில ஒரு மேடத்துகிட்ட அனுப்புவேன். இப்ப இல்ல போலிருக்கு," என்று சீட்டில் பெயர் எதுவும் எழுதாமலே கொடுத்தார்.

நவம்பர் 28

இன்றைய அறிக்கை: "கோகிலா மேடம் வடவள்ளி" உள்பட பதினான்கு சொற்கள் நிறுத்தம். முப்பது நாளாக அழைப்பு இல்லை. அவள் பெயரை இந்த ஊரில் யாரும் தேடுவதில்லை.

மூன்றாம் விதியும் சரியாக வேலை செய்கிறது.

டிசம்பர் 1, ஞாயிறு

கோகிலா இந்தச் சனிக்கிழமை நேரில் வருகிறாளாம். லீவு கேட்டிருக்கிறாள். "அவ குரலக் கேட்டு ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சுங்க. என்னமோ மறைக்கறீங்க."

ஆறு நாள் இருக்கிறது. அதற்குள் இவள் பேசியாக வேண்டும். பேசாவிட்டால் கோகிலா கூட்டிக்கொண்டு போய்விடுவாள், அதற்கப்புறம் எனக்கு அந்த மூன்று மணி நேரமும் இருக்காது. நிலானியின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து "அப்பான்னு சொல்லு கண்ணு," என்றேன். பொம்மை வாங்கித் தருகிறேன் என்றேன். ஒட்டகச்சிவிங்கிக்குத் தொண்டை வலித்தால் எத்தனை பாட்டில் என்று நானே கேட்டேன். என் கை அசையும்போதெல்லாம் தோளைக் குறுக்கிக்கொள்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதக் கூடாது என்றுதான் பார்த்தேன்.

டிசம்பர் 4, புதன்

மதியம். நிலானி பள்ளிக்கூடத்தில். என் போனில் தேடினேன். மேலே ஒரே ஒரு விளம்பரம். அதற்குக் கீழே மேப், அதில் வடவள்ளியில் சிவப்பு எழுத்து.

வாடிக்கையாளரின் விளம்பரத்தை நாமே அமுக்கக் கூடாது என்பது இந்த வேலையில் முதல் பாடம். புதிதாய்ச் சேருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுப்பேன். அமுக்கிவிட்டேன்.

"வணக்கமுங்க, சொல்லுங்க," என்றாள் எஸ்தர்.

குரலைத் தாழ்த்திக்கொண்டேன். பெண் குழந்தை, நன்றாகப் பேசிக்கொண்டிருந்தது, மூன்று வாரமாகப் பேசவில்லை என்றேன். கோகிலா மேடம் மாதிரி யாராவது இருக்கிறார்களா என்றும் கேட்டுவிட்டேன்.

"ஆமாங்க, பேச்சுப் பயிற்சிதானுங்க. கவலைப்படாதீங்க, சரியான இடத்துக்குத்தான் கூப்பிட்டிருக்கீங்க. குழந்தைக்கு எத்தனை வயசுங்க?"

ஓர் எழுத்துகூட மாறவில்லை. நான் போனை வைக்கவில்லை. அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், நேரம் போனது தெரியவில்லை. ஹாலில் நாற்பது குழந்தைகள் இருப்பார்களே என்று மட்டும் கேட்டேன். "அதெல்லாம் பழகிருமுங்க," என்றாள். அதுவும் நான் எழுதிக் கொடுத்ததுதான்.

டிசம்பர் 5

காலை ஏழு மணிக்கு அறிக்கை வந்தது. புதுச் சொல் ஒன்று. அழைப்பு ஒன்று, நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி. சேர்க்கப்பட்டது. விலை பதினைந்து சதவீதம் ஏற்றப்பட்டது.

"அப்பா அடித்த பிறகு பேசாத குழந்தை."

விலக்குப் பட்டியலைத் திறந்தேன். அந்த வரியை அங்கே போட்டுவிட்டால் முடிந்தது. தட்டிக்கொண்டிருக்கும்போதே சார் கூப்பிட்டார். அறிக்கை அவருக்கும் போகிறது.

"சசி, இன்னைக்கு வந்த சொல்லப் பார்த்தீங்களா? யாரோ பாவி. ஆனா எவ்வளவு நேரம் பேசியிருக்கான் பாருங்க. இந்த மாதிரி எத்தன வீடு இருக்கும்! இதுக்குன்னே தனியா ஒரு விளம்பரம் எழுதுங்க. மத்தியானத்துக்குள்ள வேணும்."

"சரிங்க சார்," என்றேன்.

நிலானி இன்று பள்ளிக்கூடம் போகவில்லை. அடுத்த அறையில் சுவரோரமாக உட்கார்ந்து படத்துக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருக்கிறாள். தண்ணீர் வேண்டுமானால் டம்ளரைத் தரையில் இரண்டு தடவை தட்டுவாள். இப்போது தட்டுகிறாள்.

தலைப்புக்கு முப்பது எழுத்துக்கு மேல் அனுமதி இல்லை. நான்கைந்து எழுதிப் பார்த்து அடித்தேன். கடைசியில் இதுதான் நின்றது: "அடித்த பிறகு பேசவில்லையா?"

புள்ளி, கொம்பு, இடைவெளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணினாலும் இருபத்தைந்துதான் வருகிறது. அனுப்பிவிட்டுத் தண்ணீர் கொடுக்க வேண்டும்.